தோசையா, டம்ளரா, நாடாவா? வீட்டில் பின்னம் தொடங்க எது தோது

இரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளைக்குப் பின்னம் நோட்டுக்கு வந்திருக்காது. வாய்க்கு எப்போதோ வந்துவிட்டது. "அரை தோசை போதும்மா" என்கிறாள். கடைக்குப் போய்க் கால் கிலோ வெண்டைக்காய் கேட்டு வாங்கி வருகிறாள். நாலரை மணி ஆகிவிட்டது, இனி விளையாடப் போகலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ கரும்பலகையில் 1/4 என்று எழுதும்போது, தான் தினமும் சொல்கிற கால்தான் இது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடுவதில்லை. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டும் ஒன்றுதான் என்று வீட்டில் காட்டிவிட முடியும். எதை வைத்துக் காட்டுவது என்பதில்தான் குழப்பம். யாரைக் கேட்டாலும் வட்டத்தைத்தான் கைகாட்டுவார்கள்: தோசை, சப்பாத்தி, இப்போது பீட்சா. மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் கணக்குச் சந்தேகம் கேட்டு வந்து உட்காருவதால், இதைப் பல பொருள்களில் செய்து பார்க்க எனக்கு வாய்ப்பு உண்டு. வட்டத்துக்கு நான் கொடுக்கும் இடம் சிறியது. ஏன் என்று சொல்வதற்கு முன், எதை வைத்து எடை போடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பங்குகள் சமமா என்று பெரியவர் சொல்லாமல் பிள்ளையே சரிபார்க்க முடிய வேண்டும். ஒன்றைத் தாண்டியும் போக முடிய வேண்டும், அதாவது ஒன்றேகாலும் இரண்டரையும் இயல்பாக வர வேண்டும். பாதி, கால் என்பதோடு நின்றுவிடாமல் மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று போன்ற பங்குகளுக்கும் இடம் இருக்க வேண்டும். கடைசியாக, வேலைக்குப் போய் வந்து களைத்திருக்கும் அம்மா அப்பாவை உத்தேசித்து ஒன்று: இதற்கென்று தனியாக ஏற்பாடு எதுவும் கூடாது, அன்றாட வேலையோடு போய்விட வேண்டும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்றால், வேண்டும். 1978ல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு? கொடுத்திருந்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டுமே ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம் பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 என்றோ 21 என்றோ குறித்திருந்தார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. 12/13 என்பது ஒரு அளவு, கிட்டத்தட்ட ஒரு முழுசு என்று தோன்றவே இல்லை, அதுதான் குறை. ஆகவே வீட்டில் கொடுக்க வேண்டியது அந்த அளவுணர்வு. கூட்டல் கழித்தல் வழிமுறையைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

தட்டில் இருப்பது

தோசையின் பலம், பிள்ளைக்கு அதில் அக்கறை இருக்கிறது என்பதுதான். "அக்காவுக்கு மட்டும் பெரிய பாதி குடுத்துட்டே" என்று தம்பி அழும்போது பின்னத்தின் முதல் பாடம் தானாக வந்து நிற்கிறது. பெரிய பாதி என்று ஒன்று கிடையாது. இரண்டும் சமமாக இருந்தால்தான் அது பாதி. அக்காவைப் பிய்க்கச் சொல்லிவிட்டுத் தம்பியை முதலில் எடுக்கச் சொன்னால் போதும், நாலு நாளில் அவள் தராசு மாதிரி பிய்க்கப் பழகிவிடுவாள். நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. மனிதருக்கும் இந்தக் கணக்கு இப்படித்தான் வந்திருக்கும் போலிருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ரைண்ட் பாப்பிரஸ் சுவடியில் முதல் ஆறு கணக்குகளும் ரொட்டிகளைப் பத்துப் பேருக்குப் பங்கிடுவதுதான்.

ஆனால் வட்டம் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறது. இரண்டு, நான்கு, எட்டு வரை சுகமாக வெட்டலாம். மூன்றாக வெட்டச் சொல்லுங்கள், பிள்ளை இரண்டு கோட்டை நேராக இழுத்து நடுத்துண்டைப் பெரிதாக்கிவிடும். பெரியவர்களே தடுமாறுவார்கள். தோசை வேறு நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் முறுகலாகவும் இருக்கும். முறுகல் பக்கம்தான் வேண்டும் என்று நிற்பவனுக்குப் பரப்பளவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாலில் மூன்று என்பதை வட்டத்தில் காட்டினால், பிள்ளை பார்ப்பது மூன்று துண்டுகளை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு எழுந்து போய்விடும். அது ஒன்றுக்குக் குறைவான ஒரே அளவு என்பது மனதில் நிற்காது. பிறகு ஐந்தாம் வகுப்பில் 5/4 வரும்போது, "நாலு துண்டுதானே இருக்கு, அஞ்சை எங்கேருந்து எடுக்கிறது?" என்ற கேள்வி வரும். வட்டத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி நியாயமானதுதான். போதாக்குறைக்கு, தோசையைத் தின்றுவிடுவார்கள். எது முழுசு என்று திரும்பிப் பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

தின்பண்டம்தான் வேண்டும் என்றால் சதுரமும் நீள்சதுரமுமாக இருப்பவற்றைப் பிடியுங்கள். மூன்றுக்கு நான்கு கட்டங்கள் உள்ள சாக்லேட் கட்டியில் பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று எல்லாம் கட்டத்தை உடைக்காமல் கிடைக்கும். கோடு போட்டு வார்த்த கடலைமிட்டாயும் அப்படித்தான். தீபாவளிக்குத் தட்டில் கொட்டிய பர்பியைக் கட்டம் கட்டமாகக் கீறும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். சாய்சதுரமாகக் கீறினால் இன்னும் விசேஷம்: ஓரங்களில் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும், அவற்றில் இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒரு முழு வில்லை. "இது அரை பர்பி" என்று பிள்ளையே சொல்லும், ஒட்டியும் காட்டும். ஓரத்துண்டு வீட்டுக்கு, வில்லை விருந்தாளிக்கு என்பது தனி அரசியல்.

மூன்று சப்பாத்தி, நாலு பேர்

ஒன்றை வெட்டுவதைக் காட்டிலும் பலவற்றைப் பங்கிடுவது நல்ல கணக்கு. ராத்திரி மூன்று சப்பாத்திதான் மிச்சம், நாலு பேர் இருக்கிறோம், எல்லாருக்கும் சமமாக வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். இரண்டு வழி வரும். ஒரு பிள்ளை மூன்றையும் நான்கு நான்காகக் கிழித்து ஆளுக்கு மூன்று கால் கொடுக்கும். இன்னொன்று இரண்டு சப்பாத்தியைப் பாதியாக்கி ஆளுக்கு ஒரு பாதி வைத்துவிட்டு, மூன்றாவதை நாலாக்கி ஆளுக்கு ஒரு கால் சேர்க்கும். தட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இங்கே மூன்று கால், அங்கே ஒரு அரையும் ஒரு காலும். இரண்டும் முக்கால்தான். கீழெண்ணைச் சமப்படுத்துவது என்று பின்னால் வரப்போகும் பாடத்தின் சாரம் இது, ஒரு குறியும் எழுதாமல் வந்துவிட்டது.

கூட்டமாக இருக்கும் பொருளில் பங்கு எடுப்பதும் இந்த வகைதான். டப்பாவில் 12 முறுக்கு, அதில் கால் பங்கு பக்கத்து வீட்டு ஆச்சிக்கு. பிள்ளை நாலு குவியல் வைத்து மூன்று முறுக்கை எடுத்துக் கொடுக்கும். இது எளிதாகத் தோன்றினாலும் முதலிலேயே இதைத் தொடக்கூடாது. நேற்று வரை கால் என்றால் ஒரு துண்டு. இன்று கால் என்றால் முழுசாக மூன்று முறுக்கு. 20 முறுக்கு இருந்தால் அதுவே ஐந்து. "கால்னா மூணா, அஞ்சா?" என்று முழிக்கும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எதில் கால் என்ற கேள்வி மனதில் ஊறிய பிறகு இதற்கு வரலாம்.

ஊற்றி அளப்பது

என் தேர்வு இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சமையலறையில் ஒன்றைத் தாண்டுவது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. இரண்டரை டம்ளர் தண்ணீர் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் எங்கேருந்து எடுக்கிறது என்று கேட்காது. எடுத்து ஊற்றும். முழுசும் பின்னமும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஒரே அளவாகிவிடுகின்றன. துண்டுகளாக எண்ண அங்கே வழியில்லை. 12/13ஐ அளவாகப் பார்க்காத அந்த 13 வயதுப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கால் டம்ளரை நாலு தடவை ஊற்றினால் நிறைகிறதா என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ளலாம். தப்பாக ஊற்றினால் வழியும், அல்லது குறையும். திருத்துவதற்கு நாம் வேண்டாம்.

அரிசி களையும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் புழுங்கலரிசிக்குக் குக்கரில் ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு ஆள் குறைவு, அரை டம்ளர் அரிசிதான்.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும், சொல்லு."

"ரெண்டரையிலே பாதி."

"அது எவ்வளவு?"

கொஞ்ச நேரம் யோசனை. "ரெண்டுல பாதி ஒண்ணு. அரையில பாதி கால். ஒண்ணேகால்!"

இரண்டரையை அரையால் பெருக்குவது இது. ஆறாம் வகுப்பில்கூடப் பலருக்கு உதைக்கும் கணக்கு. மாமா வந்திருக்கிறார், ஒன்றரை டம்ளர் அரிசி போடுகிறோம் என்றால் மூன்றேமுக்கால். பிள்ளை ஒரு டம்ளருக்கு இரண்டரை, அரை டம்ளருக்கு ஒன்றேகால் என்று பிரித்துக் கூட்டிச் சொல்லும். அதன் விளைவு சாதத்திலேயே தெரிந்துவிடும். குழைந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று, விதைவிதையாக நின்றால் குறைந்துபோயிற்று.

இதில் ஒரு பொறி இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் அடியில் குறுகியும் வாயில் அகன்றும் இருக்கும். பாதி உயரத்துக்கு ஊற்றினால் பாதி அளவு ஆகாது. அடி 6 செ.மீ., வாய் 8 செ.மீ. விட்டமுள்ள டம்ளரில் பாதி உயரம் வரை ஊற்றினால் மொத்தக் கொள்ளளவில் 43 சதவீதம்தான் வரும். பாதி என்று நாம் காட்டியதை இன்னொரு முறை ஊற்றினால் டம்ளர் நிறையாது, பிள்ளை நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கும். நேர்ச்சுவராக நிற்கும் பாத்திரமாக எடுங்கள். அப்படிப்பட்ட பாத்திரத்தில் கோடே இல்லாமல் துல்லியமாகப் பாதி அளக்க ஒரு வழி உண்டு. நிறைய ஊற்றிவிட்டு மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். தண்ணீரின் விளிம்பு ஒரு பக்கம் வாயையும் எதிர்ப்பக்கம் அடி ஓரத்தையும் ஒருசேரத் தொடும் கணத்தில் நிறுத்தினால், உள்ளே இருப்பது சரிபாதி. தண்ணீர் இருக்கும் பகுதியும் காலிப் பகுதியும் அச்சு அசலாக ஒரே வடிவம் என்பதால் அப்படி. பிள்ளைகளுக்கு இது மந்திரம் போலத் தெரியும். குளியலறையில் வைத்துச் செய்தால் வீட்டில் சண்டை வராது.

வயதையும் பார்க்க வேண்டும். ஒல்லியான நெட்டை டம்ளருக்கு மாற்றி ஊற்றினால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் உறுதியாகச் சொல்லும். பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஏறத்தாழ ஏழு வயதை ஒட்டித்தான் அந்த எண்ணம் மாறுகிறது. அதற்கு முன்னால் ஊற்றி அளப்பதை விளையாட்டாக விட்டுவிட்டுத் தோசையோடு நிறுத்திக்கொள்ளலாம். தோசைக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இதுதான்.

பாட்டி வீட்டில் ஆழாக்கும் படியும் இன்னும் இருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், இரட்டித்துக்கொண்டே போகும் முறை மாறாது. ஆக உரி அரைப்படி, உழக்கு காற்படி, ஆழாக்கு அரைக்கால் படி. எட்டில் ஒன்று என்று எழுதிக் காட்டும் முன்பே அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிடலாம்.

ஆனால் இந்தப் பாத்திரங்களில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது: எல்லாமே பாதியின் பாதி. நம் பேச்சுவழக்கும் அப்படித்தான். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த பிள்ளைகள் பின்ன வரிசையில் 320ல் ஒரு பங்கான முந்திரி வரை ஒப்பித்தார்கள். 80ல் ஒரு பங்கான காணி உண்டு, 20ல் ஒரு பங்கான மா உண்டு. மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் இடமில்லை. இன்றும் அன்றாடப் பேச்சில் அதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. அரை, கால், முக்காலோடு வளரும் பிள்ளைக்கு மூன்றில் ஒன்று என்பது வெளியூர்க்காரன் மாதிரி. அதற்காகத்தான் பாத்திரக்கடைகளில் விற்கும் அளவுக் கப் செட் ஒன்றை வாங்கி வைக்கச் சொல்கிறேன். ஒன்று, 1/2, 1/3, 1/4 என்று கைப்பிடியில் பொறித்திருக்கும். குறியும் அளவும் ஒரே பொருளில் சேர்ந்து இருப்பது வீட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

1/3, 1/4 இரண்டையும் காட்டி எதில் சர்க்கரை அதிகம் பிடிக்கும் என்று கேளுங்கள். நாலு பெரிசு என்பதால் 1/4 என்றுதான் முதலில் சொல்லும். பின்னத்தில் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறுகளில் இதுவும் ஒன்று. விளக்காதீர்கள். இரண்டையும் கையில் கொடுங்கள்.

நாடாவும் டேப்பும்

அளந்து ஊற்றுவது அளவுணர்வைக் கொடுத்தாலும், அந்த அளவு எண்களின் வரிசையில் எங்கே உட்காருகிறது என்பதைக் காட்டாது. அதற்கு நீளம்தான் கதி. அமெரிக்கக் கல்வித்துறை 2010ல் வெளியிட்ட ஆசிரியர் வழிகாட்டி பங்கிடுவதில் தொடங்கச் சொல்லிவிட்டு, அடுத்ததாக எண்கோட்டைத்தான் அழுத்திச் சொன்னது: பின்னங்களும் எண்களே என்பதை அதில்தான் பார்க்க முடியும் என்று.

தையற்கடை டேப்பை இன்ச் பக்கம் தெரியும்படி விரித்து வையுங்கள். 2க்கும் 3க்கும் நடுவில் ஒரு நெட்டைக் கோடு, அதற்கு இருபுறமும் சற்றுக் குட்டையான கோடுகள். இரண்டேகால், இரண்டரை, இரண்டேமுக்கால். முழு எண்கள் மட்டும்தான் எண் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, அவற்றின் நடுவே இவ்வளவு பேர் குடியிருக்கிறார்களா என்று அப்போதுதான் தெரியும். தெருவில் வீடு கட்டும் வேலை நடந்தால் இன்னும் நல்லது. முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி, அரை இன்ச் பைப், முக்கால் இன்ச் பைப் என்று கொத்தனாரும் பிளம்பரும் நாள் முழுக்கப் பின்னம்தான் பேசுகிறார்கள். முக்கால் பைப்பையும் அரை பைப்பையும் பக்கத்தில் வைத்து எது பருமன் என்று கேட்டால், 3/4, 1/2 இரண்டில் எது பெரிது என்ற கணக்கு முடிந்தது.

பூக்காரம்மாவிடம் அரை முழம் கேட்பதும் இந்த வகையில் வரும். ஆனால் முழம் கைக்குக் கை மாறும் என்பதால், ஒருவர் முழத்தில் பாதி இன்னொருவர் முழத்தில் பாதிக்குச் சமமா என்ற வேறொரு நல்ல பேச்சுக்குத்தான் அது உதவும்.

நாடா அல்லது காகிதப் பட்டை மடிப்பதில் ஊற்றுவதைப் போன்ற குப்பை கிடையாது. ஒரு மடிப்பு பாதி, இரண்டு மடிப்பு கால், மூன்று மடிப்பு எட்டில் ஒன்று. ஐந்தாக மடிக்கத்தான் திணறும். அதற்குக் கோடு போட்ட நோட்டு போதும். பட்டையை நோட்டின் மேல் சாய்வாக வையுங்கள். அதன் மேல் மூலை ஒரு கோட்டிலும், அதே விளிம்பின் கீழ் மூலை அங்கிருந்து ஐந்தாவது கோட்டிலும் படும்படி திருப்புங்கள். நடுவில் அந்த விளிம்பு நாலு கோடுகளைக் கடக்கும் இடங்களில் புள்ளி வைத்தால் ஐந்து சம பங்கு. ஏழு வேண்டுமா, ஏழாவது கோட்டுக்குத் திருப்பினால் ஆயிற்று. கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒன்றுபோல இருப்பதால் பட்டையும் ஒன்றுபோலவே வெட்டுப்படுகிறது. வட்டத்தில் செய்யவே முடியாத காரியம் இது. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் முடிந்துவிடுகிறது.

இதன் குறை என்னவென்றால் தானாக நடக்காது. அரிசி தினமும் களைகிறோம், டேப்பைத் தினமும் எடுப்பதில்லை. உட்கார்ந்து செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். டம்ளருக்கு அடுத்த இடத்தில் இதை வைப்பதற்கு வேறு காரணம் இல்லை.

மற்றவை

கடிகாரத்தை முதலில் எடுக்க வேண்டாம். ஐந்தேகால், ஐந்தரை, ஐந்தேமுக்கால் என்று ஐந்திலிருந்து மேலே ஏறிப் போவது கலப்பு எண்ணுக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் முகப்பில் 12 எண்கள், ஒரு மணிக்கு 60 நிமிடம், பெரிய முள் 3ல் நின்றால் 15 நிமிடம், அதற்குப் பெயர் கால். மூன்று, பதினைந்து, கால் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் பிள்ளைக்குத் தலை சுற்றும். மணி பார்க்கத் தெளிவாகத் தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பணம் ஒரு காலத்தில் முதல் இடத்தில் இருந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. நாலணா கால் ரூபாய், எட்டணா அரை ரூபாய். பைசா வந்த பிறகும் 25 பைசாவை நாலணா என்றே சொன்னோம். கால் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு மிட்டாய் வாங்கப் போன தலைமுறைக்குத் தனியாகப் பாடம் தேவைப்படவில்லை. 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயிற்று. இன்றைய பிள்ளை பார்ப்பது பத்து ரூபாயும், ஸ்கேன் செய்யும் அட்டையும். நூறில் கால் பங்கு 25 ரூபாய் என்பது பின்னாளில் சதவீதத்துக்கு உதவும், தொடக்கத்துக்கு உதவாது.

கிரிக்கெட் பைத்தியமான பையனுக்கு மட்டும் ஒரு கணக்கு. திரையில் 15.3 ஓவர் என்று போடுகிறார்கள். அது 15ம் பத்தில் மூன்றும் அல்ல, ஆறில் மூன்று, அதாவது பதினைந்தரை. தசம எண் படித்த பிறகு இதைச் சொல்லுங்கள், ரசிப்பான். அதற்கு முன் சொன்னால் இரண்டும் கெடும்.

இட்லி மாவு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடுகிறோம். உடனே உளுந்து கால் பங்கு என்று சொல்லிவிடுவோம். மொத்தம் ஐந்து பங்கு, அதில் உளுந்து ஒன்று. ஆகவே உளுந்து ஐந்தில் ஒன்று. அரிசியோடு ஒப்பிட்டால்தான் கால். பெரியவர்களே வழுக்கும் இடம் என்பதால் இதைச் சின்ன வகுப்பில் எடுக்காமல் விடுவதே மேல்.

உங்கள் வீட்டுக்கு எது

ஐந்து, ஆறு வயதென்றால் பிய்த்துப் பங்கிடுவது மட்டும் போதும். சமம் என்ற எண்ணம் ஊன்றட்டும். ஏழு, எட்டு வயதில் சமையலறைக்குள் விடுங்கள், அரிசியும் தண்ணீரும் அவர்கள் பொறுப்பு. நீங்கள் சமைக்காத வீடா, பிள்ளை விடுதியிலா, அப்படியானால் நாடாவும் நோட்டும். இரண்டு பிள்ளைகள் இருந்து எந்நேரமும் சண்டை என்றால் சப்பாத்திக் கணக்கை வேண்டிய மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அங்கே ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது. எந்த வீடானாலும், வாயால் நாலில் ஒரு பங்கு, நாலில் மூன்று பங்கு என்று சரளமாகச் சொல்லும்வரை 1/4, 3/4 என்று எழுதிக் காட்ட அவசரப்பட வேண்டாம். கப் செட்டில் இருப்பதை அதுவாகப் படித்தால் படிக்கட்டும்.

ஐந்தாம் வகுப்பு வந்தும் 1/2ம் 1/4ம் கூட்டி 2/6 என்று எழுதுகிற பிள்ளைக்குத் திரும்பவும் தோசையை நீட்டாதீர்கள். சின்னப் பிள்ளைப் பாடம் நடத்துகிறார்கள் என்று முகம் சுளிக்கும். அரை கப், கால் கப் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு 2/6ஐ ஒரு காகிதப் பட்டையில் குறிக்கச் சொல்லுங்கள், மேலே சொன்ன சாய்வு முறையில் ஆறாகப் பிரித்து. அது பாதிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் விழும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தது எப்படிப் பாதியைவிடக் குறைந்தது என்ற கேள்வியோடு பிள்ளையைக் கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிட்டு, நீங்கள் காபி போடப் போகலாம்.